புல்லில் உட்கார அழைப்பு வேண்டாம்

1

போன வாரம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பூங்காவில் நகராட்சிக்காரர்கள் ஒரு பெஞ்சு போட்டுவிட்டுப் போனார்கள். நல்ல தேக்கு நிறப் பெஞ்சு, சாய்மானத்தோடு. அது என்னால் வந்த பெஞ்சு. நான் கேட்கவே இல்லை என்பதுதான் கூத்து.

மெல்பர்னுக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இங்கே எனக்கு வருகிற அரசாங்கக் கடிதங்கள் இரண்டு வகை. பணம் கட்டச் சொல்வது ஒன்று, கருத்துச் சொல்லச் சொல்வது இன்னொன்று. முதல் வகை பிரச்சினை இல்லை, கட்டிவிடலாம். இரண்டாவதைத்தான் பிரிக்காமல் இரண்டு நாள் மேஜைமேல் போட்டுவைப்பேன். நம் ஊரில் இருந்தவரை என் கருத்தை யார் கேட்டார்கள், பதில் சொல்லிப் பழகுவதற்கு?

இந்தக் கோடையில் வந்தது இரண்டாவது வகை. பூங்காவின் புல்வெளியை எடுத்துவிட்டு நான்கு நெட்பால் கோர்ட் போடப்போகிறார்களாம். நெட்பால் என்பது இங்கே பெண் குழந்தைகள் எல்லாரும் ஆடுகிற ஆட்டம், கூடைப்பந்துக்குத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிக் கம்பிவேலி, விளக்குகள் எல்லாம் உண்டு. உங்கள் கருத்து வரவேற்கப்படுகிறது, இன்ன தேதியில் ஹாலில் கூட்டம், டீயும் பிஸ்கட்டும் உண்டு என்று எழுதியிருந்தார்கள்.

என் மகள் நித்யா தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். பதினைந்து வயது. பள்ளி அணியில் ஆடுகிறாள்.

"அம்மா, எதிர்த்து எழுதிடாதே. எங்க டீமுக்கு ஆட இடமே இல்லை. நீ எழுதினா நான் உன்னோட பேசவே மாட்டேன்."

இதில் 'அம்மா' மட்டும்தான் தமிழ், மீதி எல்லாம் ஆங்கிலம். இப்போது மட்டும் என்ன பேசிக் கிழிக்கிறாய் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். பள்ளி விட்டு வந்தால் அறைக்கதவு மூடும், சாப்பிடக் கூப்பிட்டால் திறக்கும். கூப்பிட்டால்தான் வருவாள், அதுவும் இரண்டாவது குரலுக்கு.

கடிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அடையாறு ஞாபகம் வந்தது.

2

மெட்ராஸ் என்று சொல்லி டிக்கெட் வாங்கி, சென்னை என்று பெயர் மாறியிருந்த ஊரில் போய் இறங்கிய வருடம் அது. நவராத்திரிக்கு நான் மட்டும் போயிருந்தேன். காரணம், என் அக்கா கமலா.

அத்திம்பேர், அவள் கணவர், அதற்கு முந்தைய வருடம் தவறிப்போயிருந்தார். வருஷாப்தீகம் என்கிற முதல் வருடத் திதியும் முடிந்துவிட்டது. பையன் பம்பாயில் வேலை. அடையாறு காலனி வீட்டில் அக்கா ஒண்டியாக இருந்தாள். வாசல் கேட்டைத் திறந்தால் எதிரே பூங்காவின் கேட்.

பூங்கா என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மூலையில் தண்ணீர் டேங்க், அதைச் சுற்றி முள்ளுச்செடி. உடைந்த சறுக்குமரம். நடுவில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடம் அளவுக்குப் புல். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அந்தப் புல்லில் காலனிப் பெண்கள் ஐந்தாறு பேர் வந்து உட்காருவார்கள். மாவடு போட்ட கதை, மருமகள் கதை, கேபிள் டிவிக்காரன் கதை எல்லாம் நடக்கும். டிவியில் சீரியல் ஆரம்பிக்கிற நேரத்துக்குப் புடவையில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பார்கள்.

அக்கா ஒருநாள்கூடத் தவறமாட்டாள். ஏன் என்று நான் கேட்டேன், அசட்டுத்தனமாக. மழை தூறிக்கொண்டிருந்தது, அப்போதும் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"வளைகாப்புன்னா என் வாசலோட திரும்பிடறா. சுமங்கலிப் பிரார்த்தனைன்னா கேக்கவே வேண்டாம். ஒருத்தரும் பொல்லாதவா இல்லைடி, வழக்கம் அப்படி. புல்லுல உக்கார்றதுக்கு மட்டும் யாரும் யாரையும் அழைக்க வேண்டாமே கௌரி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழக்கமாம், வழக்கம். அக்கா குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் புல்லுக்குத்தான் வினை வந்திருந்தது. காலனிச் சங்கத்தின் செகரட்டரி ராமசேஷன், வங்கி அதிகாரி, நல்ல மனுஷர்தான். அவருடைய பெண் சுதா பூப்பந்து ஆடுகிறவள். மஞ்சள் கம்பளிப் பந்தை மட்டையால் அடித்து, ஒரு பக்கத்துக்கு ஐந்து பேராக ஆடுவார்களே, அதுதான். மாவட்ட அணித் தேர்வு வரை போயிருந்தாள். பயிற்சி மட்டும் தெருவில், ஆட்டோவுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவில். பெற்ற தகப்பனுக்கு மனசு கேட்குமா? பூங்காவில் புல்லை எடுத்துவிட்டு சிமெண்டில் இரண்டு கோர்ட், சுற்றிக் கம்பிவலை, கேட்டுக்குப் பூட்டு என்று திட்டம் போட்டுவிட்டார். முதல் கூட்டமும் நடந்துவிட்டது. விஜயதசமி கழித்து இரண்டாவது கூட்டத்தில் முடிவு.

அக்கா முதல் கூட்டத்துக்குப் போகக் கிளம்பிப் பாதியில் திரும்பியிருக்கிறாள். பூங்கா கேட்டில் மாட்டியிருந்த போர்டில் 'குடும்பத் தலைவர்கள் தவறாமல் வரவும்' என்று எழுதியிருந்ததாம்.

3

அக்கா வீட்டுக் கொலுவில் பொம்மைகளைவிடப் பார்க்தான் பிரசித்தம். கொலுப்படிக்கு முன்னால் தரையில் பெரிய தட்டில் மண் பரப்பி, கேழ்வரகும் கடுகும் தூவித் தண்ணீர் தெளித்தால் சில நாளில் பச்சைப் புல்வெளி வந்துவிடும். கண்ணாடித் துண்டு குளம், சாயம் போட்ட மரத்தூள் ரோடு. எல்லாரும் மிருகக்காட்சிசாலை வைத்துக்கொண்டிருந்த காலத்தில் அக்கா மாம்பலம் ஸ்டேஷனையே வைத்தவள், பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லாத பொம்மைக் கூட்டத்தோடு.

"இந்த வருஷம் நம்ம பார்க்கையே போடறேன்" என்றாள்.

"எந்தப் பார்க்?"

"எதிர்த்தாப்புல இருக்கே, அதுதான். கோர்ட் வந்தா எப்படி இருக்குமோ அப்படி. மீட்டிங்ல பேச நமக்கு எடமில்லை. நம்ம கூடத்துல இருக்கோன்னோ?"

ஊற வைத்த கேழ்வரகை விரல் இடுக்கில் எடுத்து அவள் தூவுகிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிறகு நடுவில் கோர்ட் வரும் இடத்தை அளந்து செங்கல் தூளைச் சலித்துப் பரப்பினாள். கோலமாவில் கோடு. பழைய கொசுவலையில் நெட். ஜன்னல் கம்பிவலையை வெட்டிச் சுற்றிலும் வேலி. அதற்கு ஒரு கேட், கேட்டில் என் சூட்கேஸின் குட்டிப் பூட்டு. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் வாங்கிய, சம்மணம் போட்டு உட்கார்ந்த ஐந்து பெண் பொம்மைகளை வைக்க இடம் தேடினாள். புல்லே மிச்சமில்லை, ஓரத்தில் ஒரு ரிப்பன் அளவுக்குத்தான். கடைசியில் வேலிக்கு வெளியே மரத்தூள் ரோட்டில் வரிசையாக உட்கார வைத்தாள்.

பார்க் தயார். பார்க்க ஆள் வேண்டுமே!

"நான் குங்குமச் சிமிழைத் தூக்கிண்டு வாசல் வாசலாப் போய் நிக்க முடியுமாடி? நீ போ" என்றாள்.

போனேன். பின்னல் ஜடையோடு ஆஸ்திரேலியா போனவள், கழுத்துவரை வெட்டிய தலைமுடியோடு வெள்ளிச் சிமிழை நீட்டியதும் பக்கத்து வீட்டு அலமேலு மாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வெற்றிலை பாக்கோட உனக்கு ஒரு சவுரி முடியும் வச்சுத் தரணும் போலிருக்கேடி!" என்றாள். வருகிறேன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

முதல் மூன்று நாளும் வந்தவர்களை ஒரு கை விரலில் அடக்கிவிடலாம். வந்தவர்களும் நான் கொடுத்த குங்குமத்தை இட்டுக்கொண்டு, தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னும் நாலு வீடு போகணும் என்று எழுந்துவிட்டார்கள். சுண்டல் மலைபோல் மிஞ்சியது. பூங்கா வாட்ச்மேன் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு ஒரு தூக்கு நிறையக் கொடுத்தோம். அவர் குனிந்து தட்டைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, நம்ம பார்க்கு கணக்கா கீது! பூட்டுகூட போட்டுக்கீறீங்கோ. மெய்தாம்மா, கோர்ட் வந்துச்சுன்னா சாவி அவங்க கையில, பூட்டிக்கினு பூடுவாங்கோ. அப்பால நீங்க ரோட்லதான் குந்தணும்."

அக்கா பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

4

நாலாம் நாள் காலையில் தட்டுக்குத் தண்ணீர் தெளிக்கப் போனவள் குரல் கொடுத்தாள். "கௌரி, இங்க வந்து பாரேன்!"

கோர்ட்டில் புல் முளைத்திருந்தது. செங்கல் தூளைக் கீறிக்கொண்டு, நெட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், பச்சைப் பசேலென்று.

"கைப் பழக்கம்டி" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அக்கா. "இத்தனை வருஷமா ஓரத்துலேர்ந்து ஓரம் வரைக்கும் தூவின கை. நடுவுல கோர்ட்டுன்னு அதுக்குத் தெரியுமா? தட்டு முழுக்கத் தூவியிருக்கேன், அது மேலயே தூளையும் பரப்பியிருக்கேன், பாரு!"

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அத்திம்பேர் போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கிள்ளிப் போட்டுவிடலாம் என்று அவள் குனியும்போது, பூக்கிண்ணத்தோடு அலமேலு மாமி உள்ளே வந்தாள். தட்டைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அம்பாள் உத்தரவு கமலா! கிள்ளாதே, தொடாதே!"

அக்கா வாயைத் திறப்பதற்குள் மாமி தெருவுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்களுக்கு வேலை இல்லை, மாமி பார்த்துக்கொண்டாள். சாயங்காலம் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. ஒரு வருடமாக இந்தப் படி ஏறாதவர்கள்கூட ஏறினார்கள். பக்கத்துக் காலனியிலிருந்து வந்தார்கள். பெசன்ட் நகரிலிருந்து ஒரு கூட்டம் ஆட்டோ பிடித்து வந்தது. கொண்டைக்கடலைச் சுண்டல் தீர்ந்துபோய், அவசரத்துக்கு ஊற வைக்க நேரமில்லாமல் பாசிப்பருப்பை வேகவைத்துத் தாளித்தோம். யாரோ தட்டுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டார்கள்.

எனக்கு ஒரே குஷி. அடுக்களையில் அக்காவின் காதில் சொன்னேன், "நீ பேசாம இரு. புல்லும் தப்பிச்சது, கொலுவுக்கும் கூட்டம் வந்தது."

"இவா யாரும் என்னைப் பாக்க வரலை கௌரி" என்றாள் அக்கா. கரண்டியால் சுண்டலைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

5

மறுநாள் சாயங்காலம் ராமசேஷன் தன் மனைவியையும் சுதாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். கூடம் நிரம்பியிருந்தது. கொலுவுக்குக் கைகூப்பியவர் தட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

அலமேலு மாமி இதற்காகவே காத்திருந்தவள். "நன்னாப் பாருங்கோ, உங்க கோர்ட்டை! அம்பாளே புல்லை மொளைக்க வச்சுட்டா. இதுக்கு மேல அங்க சிமெண்ட் போட்டேள்னா குடும்பத்துக்கு ஆகாது, சொல்லிட்டேன்."

ராமசேஷன் ராகுகாலம் பார்க்காமல் ஸ்கூட்டரை வெளியே எடுக்காதவர். முகம் வெளுத்துவிட்டது. அவர் மனைவி புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, "விட்டுடுங்கோ, நமக்கெதுக்கு இந்தப் பொல்லாப்பு" என்றாள்.

"அம்பாள் இஷ்டம் அப்படின்னா சரி, விட்டுடலாம்" என்றார் அவர்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்போதுதான் சுதாவின் கண் நிரம்பி வழிந்தது. சத்தமில்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள், அவ்வளவுதான். அக்கா அதைப் பார்த்துவிட்டாள். சுண்டல் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அம்பாள் ஒண்ணும் சொல்லலை."

கூடத்தில் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"அது என் கைத்தவறு. பழக்க தோஷத்துல தட்டு முழுக்கக் கேழ்வரகைத் தூவிட்டேன். மேல போட்ட தூளைப் பொத்துண்டு வந்துடுத்து. இதுல அதிசயம் ஒண்ணுமில்லை."

எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது. பைத்தியமே, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா!

"அம்பாள் சொல்லலை, நான் சொல்றேன்" என்றாள் அக்கா. "எனக்கு அந்தப் புல்லு வேணும். அவர் போனப்புறம் இந்தக் காலனியில யாரும் அழைக்காம நான் போய் உக்கார முடியற எடம் அது ஒண்ணுதான். அதையும் கம்பி போட்டுப் பூட்டிட்டேள்னா நான் எங்க போவேன்?"

வெற்றிலை பாக்கும் கையுமாக நின்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

ராமசேஷன் மெல்ல, "இதை நீங்க மீட்டிங்குக்கே வந்து சொல்லியிருக்கலாமே மாமி" என்றார்.

"குடும்பத் தலைவர்கள் வரவும்னு போர்டு போட்டிருந்தேள். எங்காத்துத் தலைவர் அதோ, மாலை போட்டுண்டு சுவத்துல இருக்கார். அவரை அனுப்பட்டுமா?"

முதலில் சிரித்தது ராமசேஷனின் மனைவிதான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். கடைசியில் அவரும் சிரித்தார், வேறு வழி?

சுதா சிரிக்கவில்லை. "அப்போ நான் எங்க ஆடறது மாமி?" என்றாள்.

"இங்க வா, பக்கத்துல உக்காரு" என்று அக்கா அவளைத் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்துக்கொண்டாள். "டேங்க் பக்கம் முள்ளு மண்டிக் கெடக்கே, அதை வெட்டினா ஒரு கோர்ட்டுக்குக் காணாதா? உன் ஆட்டத்துக்கு மண் தரைதானே வேணும், சிமெண்ட் எதுக்கு?"

"மண்ணுதான் மாமி வேணும். அப்பாதான், சிமெண்ட்டா இருந்தா நாமளும் டென்னிஸ் ஆடலாம்னு..."

"அப்படிச் சொல்லு!" என்றாள் அலமேலு மாமி. ராமசேஷன் சுண்டலைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

அக்காவும் சுதாவுமாக அங்கேயே வேலியைப் பிடுங்கினார்கள். நெட்டை எடுத்துத் தட்டின் ஓரத்துக்குக் கொண்டுபோனார்கள். ரோட்டில் உட்கார்ந்திருந்த ஐந்து பொம்மைகளும் புல்லுக்கு வந்தன. என் பூட்டும் எனக்குத் திரும்பி வந்தது.

6

மறுநாள் பெசன்ட் நகர்க் கூட்டம் வரவில்லை. அதிசயம் இல்லை என்று தெரிந்தபிறகு ஆட்டோவுக்கு யார் கொடுப்பார்கள்? காலனியில் பாதிப் பேர் வந்தார்கள். வந்தவர்கள் உட்கார்ந்து பேசினார்கள், அக்காவிடம். அலமேலு மாமி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "கைப் பழக்கமாம்! அந்தக் கையை ஓட்டினது யாரு, கேளு" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். ஆனால் காபி குடித்துவிட்டுத்தான் போனாள்.

இரண்டாவது கூட்டம் அந்தப் புல்லிலேயே நடந்தது. போர்டில் 'அனைவரும் வரவும்' என்று மாற்றியிருந்தார்கள். ஆளாளுக்குக் கத்தினார்கள். முடிவில் டேங்க் பக்கம் ஒரே ஒரு மண் கோர்ட், வேலி இல்லை, பூட்டு இல்லை என்று ஆனது. அதற்காக ஒரு வாதநாராயண மரம் போயிற்று. அக்காவுக்கு அதில் வருத்தம்தான். மஞ்சள் பந்து புல்லில் வந்து விழுந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் எறிவாளாம், குறி தப்பாது என்று சுதா எனக்கு ஒரு புதுவருட வாழ்த்து அட்டையில் எழுதியிருந்தாள்.

இதையெல்லாம் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் இங்கே ஹாலுக்குப் போனேன். நித்யா அவள் அணிப் பெண்களோடு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். என் முறை வந்தது. எழுந்து, தங்கள் மேலான அனுமதியுடன் என்று மெட்ராஸ் ஆபீஸ் ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட்டேன். நாலு பேர் புன்னகை செய்தார்கள். நித்யா நாற்காலியில் சரிந்து மறைந்தே போனாள். கோர்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழந்தைகள் ஆடட்டும், ஒரு பக்கமாக, வேலி இல்லாமல். நடுப் புல் இருக்கட்டும், ஏனென்றால் புல்லில் உட்கார யாரையும் யாரும் அழைக்க வேண்டாம் என்றேன். அக்கா சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தேன். குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நகராட்சி அம்மாள் அன்பாகத் தலையசைத்தாள்.

பிறகு வந்த அறிக்கையில் என் கருத்து ஒரே வரியில் இருந்தது. குடியிருப்பாளர் ஒருவர் கூடுதல் இருக்கைகள் கோரியுள்ளார். நான்கு கோர்ட் இரண்டாகக் குறைந்தது, வேலி இல்லை, புல் பாதிக்கு மேல் தப்பியது. என் பங்குக்கு ஒரு பெஞ்சு!

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் போனில் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரை ஏறிவிட்டது.

"பெஞ்சுல உக்காராதேடி, புல்லுல உக்காரு. பக்கத்துல யார் இருக்கா?"

"யாரும் இல்லை அக்கா. இங்க புல்லுல யாரும் உக்கார மாட்டா. நாயைக் கூட்டிண்டு நடப்பா, போயிடுவா."

"நீ உக்காரு" என்றாள்.

நேற்று மாலை போய் உட்கார்ந்தேன். புத்தம்புதுப் பெஞ்சு காலியாக இருக்க, அதற்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் புடவைக்காரியை நாய்கள்கூட ஒரு மாதிரியாகப் பார்த்தன. புது கோர்ட்டில் நித்யாவும் தோழிகளும் ஆடிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள். எனக்கு முணுக்கென்று கண்ணில் நீர் வந்தது, சொல்வதற்கென்ன.

ஆட்டம் முடிந்து மற்றப் பெண்கள் கார்களில் ஏறிப் போனார்கள். நித்யா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் நாலு அடி நடந்தாள். நின்றாள். திரும்பி வந்து, பெஞ்சைத் தாண்டி, என் பக்கத்தில் புல்லில் தொப்பென்று உட்கார்ந்தாள். வியர்வை வாடை அடித்தது.

நான் அவளைக் கூப்பிடவே இல்லை.